இக்னிஷன் சாவி சிக்குகிறதா? எண்ணெய் விடும் முன் சாவியைப் பாருங்கள்

நீங்கள் கேட்டதை எனக்குப் புரிந்த வரையில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். ஏழு வருடம் ஓடிய மோட்டார் சைக்கிள். சில மாதங்களாக இக்னிஷனில் சாவி ஒழுங்காகத் திரும்புவதில்லை. காலையில் நாலைந்து தடவை ஆட்டி அசைத்தால்தான் ஆன் ஆகிறது. ஒரு நாள் ஆஃப் செய்த பிறகு சாவி வெளியே வராமல் கால் மணி நேரம் மல்லுக்கட்டியிருக்கிறீர்கள். தையல் மெஷின் எண்ணெய் விட்டுப் பார்த்தீர்கள். ஒரு வாரம் நன்றாக இருந்தது, அப்புறம் முன்னைவிட மோசம். மெக்கானிக் லாக் செட்டையே மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா, நாமே சரிசெய்ய முடியுமா என்பது கேள்வி. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்த ஒரு வாரம். எண்ணெய் விட்டதும் ஏன் சரியானது, ஏன் மறுபடி கெட்டது என்று புரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இருசக்கர வண்டிகளின் பூட்டும் வயரிங்கும் இருபது வருடத்துக்கு மேல் என் பிழைப்பு. ஆனாலும் உங்கள் பூட்டை நான் கையில் தொட்டுப் பார்க்கவில்லை. சாவி எந்த இடத்தில் இறுகுகிறது, உரசி இறுகுகிறதா, முட்டி நிற்கிறதா என்பதை விரல்தான் சொல்லும். அதனால் உறுதியாகத் தெரிந்ததை உறுதியாகவும், ஊகத்தை ஊகம் என்றும் சொல்லிவிடுகிறேன்.

பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் இருப்பது தகடு வகைப் பூட்டு. உள்ளே ஓர் உருளை. அதில் வரிசையாகப் பள்ளங்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் மெல்லிய பித்தளைத் தகடு ஒன்று, அதன் ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு ஸ்பிரிங். சாவி இல்லாதபோது ஸ்பிரிங் தகட்டை வெளியே தள்ளும், தகடு வெளிக்கூட்டின் பள்ளத்தில் போய் மாட்டிக்கொள்ளும், உருளை திரும்பாது. சரியான சாவி நுழைந்தால் அதன் வெட்டுகள் எல்லாத் தகடுகளையும் உருளையின் மட்டத்துக்குள் இழுத்து நிறுத்தும். அவற்றில் ஒன்றே ஒன்று மயிரிழை அளவு வெளியே நின்றாலும் போதும், உருளை திரும்பாது, அல்லது உரசிக்கொண்டு திரும்பும். உருளைக்கு அடியில் ஹேண்டில் லாக்கின் இரும்புத் தண்டைத் தள்ளும் அமைப்பு இருக்கும். எல்லாவற்றுக்கும் கீழே, பிளாஸ்டிக் அடித்தட்டில் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் செம்புக் கான்டாக்டுகள். சாவியைத் திருப்பும்போது இவை அனைத்தையும் சேர்த்தே திருப்புகிறோம். ‘சாவி சிக்குது’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். கோளாறு இந்த அடுக்குகளில் எதில் வேண்டுமானாலும் இருக்கலாம்.

இப்போது அந்த ஒரு வார விஷயம். இக்னிஷன் பூட்டு வானத்தைப் பார்த்து வாய் திறந்து நிற்கும் பூட்டு. மழைத் தண்ணீர், தூசி, சாவியோடு பையிலிருந்து வரும் பஞ்சு, சாவியும் தகடும் உரசித் தேய்ந்த பித்தளைப் பொடி எல்லாம் உள்ளே போய்ச் சேரும். வெளியே வர வழி கிடையாது. நீங்கள் விட்ட எண்ணெய் அந்தக் குப்பையைத் தளர்த்திக் கொடுத்தது, அதனால் சாவி வழுக்கிக்கொண்டு திரும்பியது. எண்ணெய் மெல்லக் கெட்டியானதும் அதே குப்பை பசையாகித் தகடுகளின் பள்ளத்தில் படிந்துவிட்டது. அந்தச் சின்ன ஸ்பிரிங்குக்குப் பசையைத் தள்ளிக்கொண்டு நகரும் வலு இல்லை. இது ஊகம் இல்லை. எண்ணெய் விட்ட பூட்டை எப்போது பிரித்தாலும் உள்ளே கறுப்பு மை மாதிரி இருக்கும். இதில் ஓர் ஆறுதல்: எண்ணெய் விட்டதும் சரியானது என்றால் உள்ளே எதுவும் உடைந்திருக்க வாய்ப்பு குறைவு. உடைந்த ஸ்பிரிங்கை எண்ணெய் குணப்படுத்தாது.

ஆனாலும் நான் முதலில் பூட்டைத் தொட மாட்டேன். சாவியை வாங்கிப் பார்ப்பேன். ஏழு வருடம் தினமும் பத்துத் தடவை நுழைந்து வெளியேறிய சாவி தேயாமல் இருக்காது. வெட்டுகளின் முனைகள் மழுங்கி, மேடுகள் தணிந்துபோயிருக்கும். வாங்கிய நாளிலிருந்து அலமாரியில் தூங்கும் ஸ்பேர் சாவி இருக்குமே, அதை எடுத்துப் போட்டுப் பாருங்கள். அது சுலபமாகத் திரும்பினால் பூட்டு குற்றவாளி இல்லை. இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். சாவியைச் சமமான கண்ணாடி மேல் வைத்து, வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இன்னொரு சோதனை: பழைய சாவியை முழுவதும் நுழைத்துவிட்டு, அரை மில்லிமீட்டர் வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு திருப்புங்கள். அப்படித் திரும்பினால் கோளாறு அநேகமாகச் சாவியின் தேய்மானத்தில்தான். பல வண்டிகளில் அதே சாவிதான் பெட்ரோல் டேங்க் மூடிக்கும் சீட்டுக்கும். அங்கேயும் மக்கர் செய்தால் சாவி மீது சந்தேகம் இன்னும் வலுக்கும். அங்கே நன்றாகத் திரும்பினால் மட்டும் சாவி நிரபராதி என்று முடிவுகட்டிவிட முடியாது. டேங்க் மூடியில் தகடுகள் குறைவாக இருப்பது உண்டு. தேய்ந்த சாவியையும் அது மன்னித்துவிடும்.

ஒருவர் புது லாக் செட்டைக் கையிலேயே வாங்கிக்கொண்டு வந்தார், மாட்டிக் கொடுத்தால் போதும் என்றார். அவர் சாவியைப் பார்த்தேன்; அது டூப்ளிகேட்டின் டூப்ளிகேட். அசல் எங்கே என்று கேட்டால், அதுவும் சிக்கியதாம், அதனால் அதை வைத்துத்தான் புதுசு வெட்டினாராம். தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் தேய்மானத்தையும் சேர்த்தே வெட்டுவார்கள். மெஷினுக்கு எது அசல் வெட்டு, எது தேய்ந்தது என்று தெரியாது. வண்டி வாங்கும்போது சாவியோடு ஒரு சின்ன உலோகத் தகட்டிலோ சாவியின் மேலேயோ ஓர் எண் பொறித்திருக்கும். அந்த எண்ணை வைத்து வெட்டினால் தொழிற்சாலையில் வந்த அதே ஆழம் கிடைக்கும். அவருக்கு அப்படித்தான் ஒரு சாவி வெட்டினோம். லாக் செட் பெட்டியைப் பிரிக்காமலே கடையில் திருப்பிக் கொடுத்தார். சாவியின் ஓரத்தில் பிசிறு தட்டினால் மெல்லிய உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுக்கலாம். அதற்கு மேல் அரத்தை எடுத்து வெட்டுகளை ‘சரிசெய்ய’ இறங்காதீர்கள். இருக்கிற ஒரு சாவியும் போய்விடும்.

சாவி வெளியே வராத பிரச்சினைக்கு வேறு காரணம். ஆஃப், ஹேண்டில் லாக் மாதிரி சாவியை எடுக்கக்கூடிய நிலைகளில் மட்டும்தான் தகடுகளுக்கு நேராக வெளிக்கூட்டில் பள்ளம் இருக்கும். சாவியை உருவும்போது அதன் மேடு பள்ளங்கள் ஒவ்வொரு தகட்டையும் மேலும் கீழும் தள்ளிக்கொண்டு போகும். நகர இடம் இருந்தால்தான் தகடு விலகி வழிவிடும். உருளை ஆஃபுக்கு ஒரு நூல் முன்னாலேயே நின்றுவிட்டால் எந்தத் தகட்டுக்கும் இடம் இல்லை, சாவி சிறைப்பட்டுவிடும். அந்த நேரத்தில் இழுக்காதீர்கள். சாவியை உள்ளே லேசாக அழுத்தி, ஆஃப் பக்கம் முழுவதும் திருப்பி, அப்புறம் உருவுங்கள். அடிக்கடி இப்படி ஆகிறது என்றால் இரண்டு சந்தேகம்: தகடுகளில் பசை, அல்லது கீழே உள்ள கான்டாக்ட் தட்டு இறுகி உருளையைக் கடைசி வரை போகவிடாமல் தடுப்பது. உங்களுக்கு இதில் எது என்று இங்கிருந்து சொல்ல முடியவில்லை. திருப்பும்போது ஆன், ஆஃப் நிலைகளில் ‘டக்’ என்று உட்காரும் உணர்வு மங்கிப்போய், பாகில் கரண்டியை விட்டுக் கிண்டுவது மாதிரி இருந்தால் நான் கான்டாக்ட் பக்கம் சாய்வேன்.

ஹேண்டில் லாக் போட்ட வண்டியில் மட்டும்தான் சாவி இறுகுகிறதா என்றும் கவனியுங்கள். ஹேண்டிலைத் திருப்பி வண்டியைச் சாய்த்து நிறுத்தும்போது முன்சக்கரத்தின் பாரம் முழுவதும் அந்த இரும்புத் தண்டின் மேல் சாயலாம். தண்டு பக்கவாட்டில் நெருக்கப்பட்டு நிற்கும்போது சாவி திரும்பாமல் போவது பூட்டின் கோளாறே இல்லை. ஒரு கையால் ஹேண்டிலை இரண்டு பக்கமும் லேசாக அசைத்துக்கொண்டே மறு கையால் திருப்பினால் விட்டுவிடும். இது தெரியாமல் பலம் கொடுத்துச் சாவியை முறித்தவர்கள் நிறைய.

சரி, ஸ்பேர் சாவி போட்டும் சிக்குகிறது, ஹேண்டிலும் நெருக்கவில்லை. இப்போது சுத்தம் செய்யலாம். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். தெளிக்கப்போகும் திரவங்கள் பெரும்பாலும் தீப்பிடிப்பவை, கீழேயோ மின்சாரம் ஓடும் கான்டாக்டுகள். டேங்கின் மேல் பழைய துணியை மூடிவிடுங்கள், பெயின்டில் வழியக்கூடாது. கான்டாக்ட் கிளீனர் என்று கிடைக்கும் ஸ்பிரே நல்லது. பிளாஸ்டிக்குக்குத் தீங்கில்லாதது என்று குப்பியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் கிளீனர் வேண்டாம், அது சில பிளாஸ்டிக்குகளைக் கரைத்துவிடும். ஸ்பிரேயின் மெல்லிய குழாயைத் துவாரத்துக்குள் விட்டு இரண்டு விநாடி அடியுங்கள். துவாரத்தின் வாயில் ஒரு சின்ன மூடி ஸ்பிரிங்கோடு இருந்தால் அதைக் குழாயாலேயே மெல்லத் தள்ளிக்கொள்ளலாம். உடனே சாவியைப் போட்டு இருபது முப்பது தடவை உள்ளே வெளியே ஓட்டுங்கள். திருப்ப வேண்டாம், ஓட்டினால் போதும். ஒவ்வொரு தடவையும் சாவியைத் துணியில் துடையுங்கள். கறுப்பாக வரும். வந்துகொண்டே இருக்கும். சாவி சுத்தமாக வெளியே வரும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். இங்கேதான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். ஒரு தடவை தெளித்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று விட்டால், நீங்கள் எண்ணெய் விட்ட கதைதான் மறுபடியும். கடைசியில் காற்றடித்து, குறைந்தது ஒரு மணி நேரம் காயவிடுங்கள்.

காய்ந்த பிறகு வழுக்கலுக்கு எதைப் போடுவது என்பதில் மெக்கானிக்குகளுக்குள்ளேயே சண்டை உண்டு. என் கட்சி, காய்ந்ததும் ஈரப்பசை இல்லாமல் படியும் டெஃப்லான் வகை ஸ்பிரே. தூசி ஒட்டாது. கிராஃபைட் பொடி பழைய காலத்துப் பூட்டுக்காரர்களின் மருந்து. வீட்டுப் பூட்டுக்கு அருமை. இக்னிஷனில் நான் அதைத் தவிர்க்கிறேன். கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும், கீழே கான்டாக்ட் இருக்கிறது. போதாததற்கு, எண்ணெய்ப்பசை மிச்சமிருக்கும் பூட்டில் பொடியைப் போட்டால் சாந்து குழைத்த மாதிரிதான். ஆனால் இதில் என்னோடு முரண்படுகிறவர்கள் முட்டாள்கள் இல்லை. ஒரு சிட்டிகை மட்டும் போட்டு, பல வருடம் பிரச்சினை இல்லாமல் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டபிள்யூடி-40 பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாராவது கட்டாயம் கேட்பார்கள். அதன் பெயரே தண்ணீரை விரட்டுவதற்கான நாற்பதாவது கலவை என்பதன் சுருக்கம். 1953-இல் ஏவுகணையின் உலோகம் துருப்பிடிக்காமல் இருக்கச் செய்தது. மழையில் நனைந்த பூட்டிலிருந்து ஈரத்தை வெளியேற்ற அது நல்ல ஆயுதம். அதையே நிரந்தர வழுக்கலாக நம்பினால் சில வாரத்தில் ஏமாற்றும். கிரீஸ், இன்ஜின் ஆயில், சமையலறை எண்ணெய் எதுவும் துவாரத்துக்குள் போகக்கூடாது.

சாவி சுலபமாகத் திரும்பியும், ஆன் நிலையில் சாவியை அசைத்தால் விளக்குகள் மினுக்கினால் அது வேறு வியாதி: கான்டாக்ட் கருகியிருக்கிறது. மல்டிமீட்டர் இருந்தால் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, சுவிட்சுக்கு உள்ளே வரும் வயரிலும் வெளியே போகும் வயரிலும் வோல்ட் பாருங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் என்றால் கான்டாக்டைச் சந்தேகிக்கலாம். பல வண்டிகளில் இந்த அடித்தட்டு இரண்டு மூன்று திருகுகளில் தனியாகக் கழன்று வரும். சாவியையும் பூட்டையும் மாற்றாமல் அதை மட்டும் மாற்ற முடியும். உங்கள் வண்டியில் அப்படிக் கிடைக்குமா என்பது மாடலைப் பொறுத்தது, உதிரிபாகப் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். இதை அலட்சியம் செய்யாதீர்கள். திருப்பத்தில் சாய்ந்து போகும்போது இன்ஜின் அணைவது சின்ன விஷயம் இல்லை.

சாவிக்கொத்தின் கனமும் இதே ஆபத்தில்தான் சேரும். 2014-இல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது நினைவிருக்கலாம். இக்னிஷனை ஆன் நிலையில் பிடித்து நிறுத்த வேண்டிய உள் ஸ்பிரிங் பலவீனமாக இருந்தது. கனமான சாவிக்கொத்து குலுங்கினாலே சாவி நழுவி, ஓடும் வண்டி அணைந்தது, காற்றுப்பைகளும் விரியவில்லை. நிறுவனத்தின் இழப்பீட்டு நிதி 124 மரணங்களை அந்தக் கோளாறின் கணக்கில் ஏற்றுக்கொண்டது. மோட்டார் சைக்கிள் கார் இல்லைதான். ஆனால் தேய்ந்த பூட்டில் வீட்டுச் சாவி, அலுவலகச் சாவி, பித்தளை பொம்மை எல்லாம் தொங்கி ஆடினால் தகடுகளுக்கும் நல்லதில்லை, உங்களுக்கும் நல்லதில்லை. வண்டிச் சாவியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்தும் பலிக்கவில்லை என்றால் பிரிக்க வேண்டும். இங்கே உங்கள் கைப்பழக்கம் எவ்வளவு என்பதை நீங்களேதான் எடைபோட வேண்டும். பூட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் பல, திருடர்களுக்காகவே இறுக்கும்போது தலை முறிந்துபோகும்படி செய்தவை. அவற்றைக் கழற்றத் துளைபோட வேண்டும். ட்ரில் வழுக்கினால் ஹேண்டிலைத் தாங்கும் மேல்தட்டில் காயம் விழும். கழற்றிய பிறகு உருளையை வெளியே எடுக்கும்போது சாவி உள்ளேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் தகடுகளும் ஸ்பிரிங்குகளும் நாலா பக்கமும் பறக்கும். அகலமான தட்டில் வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொரு தகட்டையும் எடுத்த வரிசையிலேயே அடுக்குங்கள், அடுக்கியதைப் போட்டோ எடுங்கள். வரிசை மாறினால் உங்கள் சாவியே உங்கள் பூட்டுக்கு அந்நியச் சாவி. முறிந்த ஸ்பிரிங், ஓரம் மடங்கிய தகடு இருந்தால் இப்போது தெரியும். துத்தநாகக் கலவையில் வார்த்த வெளிக்கூடு வெள்ளைப் பொடியாகப் பூத்து, பள்ளங்கள் குழிவிழுந்திருந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். அதைத் தேய்த்துச் சரிசெய்தவர் யாரையும் நான் பார்க்கவில்லை. அப்போது மெக்கானிக் சொன்னபடி லாக் செட்தான்.

சிக்குவதாக ஒரு தகடு மட்டும் அடையாளம் தெரிந்தால் அதை எடுத்துவிட்டு மற்றதை மாட்டும் குறுக்குவழி ஒன்று தொழிலில் உண்டு. வேலை செய்யும். பூட்டின் பாதுகாப்பு அந்த அளவுக்குக் குறையும் என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் நான் செய்வேன்.

உங்கள் சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் சிப் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இம்மொபிலைசர், அதாவது சிப்பை அடையாளம் கண்டால்தான் இன்ஜினை ஓடவிடும் திருட்டுத் தடுப்பு, உள்ள வண்டியில் வெறும் வெட்டு மட்டும் பொருந்தினால் போதாது. புதுச் சாவியைப் பதிவு செய்யாவிட்டால் பூட்டு திரும்பும், இன்ஜின் எடுக்காது. துவாரத்தைச் சுற்றியுள்ள வளையம் அந்தச் சிப்பைப் படிக்கும் ஆன்டெனா, அதில் ஸ்க்ரூ டிரைவரை நெம்பாதீர்கள். துவாரத்தை மூடிக் காக்கும் காந்தக் கதவு உள்ள ஸ்கூட்டர்களில் காந்தத்தில் இரும்புத் தூள் ஒட்டிக் கதவு சிக்குவதும் நடக்கும். பல் துலக்கும் பழைய பிரஷ் போதும் அதற்கு.

இதற்கிடையில் சாவி உள்ளே முறிந்துவிட்டால் பதற வேண்டாம். ஒட்டுப்பசை தடவி இழுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்; சாவி ஒட்டுகிறதோ இல்லையோ, தகடுகள் ஒட்டிக்கொள்ளும். உருளை எந்த நிலையில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். ஆஃபில் இல்லாவிட்டால் மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் ஆஃபுக்குத் திருப்பிக்கொண்டு வந்த பிறகுதான் முறிந்த துண்டு வெளியே வரும். கொஞ்சம் ஸ்பிரே விட்டு, மிக மெல்லிய ரம்ப பிளேடைப் பற்கள் வெளிப்பக்கம் பார்க்கும்படி சாவியின் வெட்டு ஓரமாக நுழைத்து, லேசாகச் சாய்த்துக் கவ்வவிட்டு இழுங்கள். முதல் தடவையில் வராது, பத்தாவது தடவையில் வரலாம். வந்த துண்டைத் தூக்கி எறியாதீர்கள். எண் பொறித்த தகடு தொலைந்திருந்தால் இரண்டு துண்டையும் சேர்த்து வைத்துத்தான் புதுச் சாவி வெட்ட வேண்டியிருக்கும்.